இரண்டு பணப்பைகள்

ஒரு குடும்பம் ஒருநாள் பொழுதைக் கடற்கரையில் கழிப்பதற்காக வெளியூர் புறப்படுகிறது. போகிற போக்கில் சிநேகிதர் குடும்பத்தையும் கூட அழைத்துக்கொள்கிறது. இதில் தர்மம் அதர்மம் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். துன்பம் வந்தால் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது நமக்கு ஓரளவு தெரியும். சாவு வீட்டில் உரக்கச் சிரிக்கக் கூடாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்பத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் நாம் யோசிப்பதே இல்லை. சந்தோஷமாக இருக்கிறவனுக்கு ஒழுங்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். சிநேகிதர்கள் சத்தமில்லாமல் பிரிந்து போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட சந்தோஷ நாட்களில்தான்.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ரெயிலில் சுமார் ஒரு மணி நேரம். காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒருநாள் உல்லாசத்துக்கென்றே அமைந்த ஊர்.

ஆனால் அந்த உல்லாசம் முதலில் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. 1750-இல் ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற வைத்தியர், கடல்நீரில் குளித்தாலும் அதைக் குடித்தாலும் நோய் தீரும் என்று ஒரு நூல் எழுதினார். அதைத் தொடர்ந்து அந்த மீன்பிடி ஊருக்குப் பணக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1783-இல், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் வந்தார். அவருக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 முதல் 1823 வரை உழைத்து, நம் நாட்டு மொகலாயக் கட்டடங்களை நினைவூட்டும் குமிழ்க் கூரைகளோடு ஓர் உல்லாச மாளிகையை எழுப்பினார். 1841-இல் ரெயில் வந்தது. லண்டன் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். விக்டோரியா ராணிக்கு இந்த நெரிசல் பிடிக்கவில்லை. 1850-இல் மாளிகையை ஊராருக்கே விற்றுவிட்டார். வைட் தீவில் வேற்றார் கண் படாத கடற்கரையோடு அவருக்கு வேறொரு மாளிகை இருந்தது.

ராணி போனார், ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1871-இல் வந்த சட்டம் பாங்கிகளுக்குப் பொது விடுமுறைகளை வகுத்தது. நாளடைவில் மற்றவர்களும் அந்த நாட்களைக் கொண்டாடினார்கள். 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கும் ஒரு சட்டம் பிறந்தது. கடல் அனைவருக்கும் உரியதாயிற்று.

உண்மையாகவே ஆயிற்றா? இங்கேதான் நம்முடைய இரண்டு குடும்பங்கள் வருகின்றன. ஒருவர் பாங்கியில் அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் பஸ் ஓட்டுகிறவர். மனைவிமார் இருவரும் பள்ளித் தோழிகள். இரு வீட்டிலும் ஒன்பது வயதில் ஒரு பையன். இருவரும் ஒரே வகுப்பு. கட்டுச்சோற்றுக்குப் பதில் அந்த ஊர் வழக்கப்படி சாண்ட்விச்சுகளைக் கட்டிக்கொண்டு எல்லாரும் ரெயில் ஏறுகிறார்கள்.

பிரைட்டன் கடற்கரையில் மணல் குறைவு. எங்கு பார்த்தாலும் கூழாங்கற்கள். நடந்தால் பாங்கி அதிகாரியின் காலும் வலிக்கும், பஸ் ஓட்டுகிறவரின் காலும் வலிக்கும். தண்ணீர் இருவருக்கும் ஒரே குளிர்ச்சி. பையன்கள் இருவரும் கல்லெறிந்து, கத்தி, நனைந்து, பொட்டலத்தை மாற்றிச் சாப்பிடுகிறார்கள். மத்தியானம் வரையில் ஒரு குறையும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் 'பாலஸ் பியர்' மேலே போகிறார்கள். கடலுக்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும், 1899-இல் திறந்த கேளிக்கைப் பாலம் அது. 2024-இல் வெளியூரார் உள்ளே நுழையவே ஒரு பவுன் கட்டணம் என்று ஏற்படுத்தினார்கள். அதோடு போகிறதா? ராட்டினத்துக்குக் காசு, இயந்திர விளையாட்டுக்குக் காசு, ஐஸ்கிரீமுக்குக் காசு. ஒரு பையன் ஐந்து முறை ராட்டினம் ஏறுகிறான். இன்னொருவன் ஒரு முறை ஏறிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "எனக்குத் தலை சுற்றுகிறது, வேண்டாம்" என்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளை தன் தகப்பனுடைய மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் பொய் அது.

இந்த இடத்தில் பாங்கி அதிகாரி என்ன செய்ய வேண்டும்?

அவரவர் பணம், அவரவர் பிள்ளை என்று இருந்துவிடலாம். நியாயத்தில் தப்பில்லை. ஆனால் அப்படி இருப்பதற்குச் சேர்ந்து வந்திருக்கவே வேண்டாம். எல்லாருக்கும் தாமே செலவு செய்துவிடலாம். அது தாராளம்தான், ஆனால் மாலைக்குள் இரு குடும்பங்களில் ஒன்று விருந்தளித்த குடும்பமாகவும், மற்றது விருந்துண்ட குடும்பமாகவும் ஆகிவிடும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. சிறிய பணப்பை எவ்வளவு தாங்குமோ, அந்த அளவுக்கு அன்றைய பொழுதையே அமைத்துக்கொள்வது. "ஆளுக்கு இரண்டு ராட்டினம், பிறகு மறுபடியும் தண்ணீருக்குப் போகலாம்" என்று காலையிலேயே இரு தாய்மாரும் பேசி வைத்துக்கொள்வது.

"என் பிள்ளை என்ன பாவம் செய்தான்? அவன் ஆசையை ஏன் அடக்க வேண்டும்?" என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அவனிடமிருந்து பறிப்பதால் மற்றவனுக்கு எதுவும் கிடைத்துவிடாது. ஆனால் வருஷத்தில் 364 நாட்கள் அவன் தன் தகப்பனாரின் பணப்பை அளவுக்கு வாழப் போகிறவன். ஒருநாள் சிநேகிதனின் அளவுக்கு வாழ்ந்து பார்த்தால் அவனுக்கு நஷ்டம் மூன்று ராட்டினம். லாபமாக அன்று முழுவதும் பக்கத்தில் ஓடி வர ஒரு தோழன் கிடைக்கிறான். ஐந்தாவது சுற்றில் தனியாக உட்கார்ந்திருக்கும் பையனின் முகத்தைப் பாருங்கள். கீழே நிற்கிறவன் எங்கே என்றுதான் அவனும் தேடிக்கொண்டிருக்கிறான்.

சேர்ந்திருப்பது என்றால் எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது என்று பொருள் இல்லை. அந்த உல்லாச மாளிகையே இதற்குச் சாட்சி. முதல் உலக யுத்தத்தில், 1914 கடைசியிலிருந்து 1916 தொடக்கம் வரை, அது காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தது. அவரவர் மதத்துக்கும் ஜாதி வழக்கத்துக்கும் தக்கபடி சமைக்க அங்கே ஒன்பது சமையலறைகள் ஏற்படுத்தினார்கள். இதில் சர்க்கார் தன் பெருமையைப் பறைசாற்றிக்கொண்டதும் உண்டு. அந்த ஒன்பதுக்குள் நம் ஜாதிப் பிரிவினையின் வெட்கக்கேடும் உண்டு. இருந்தாலும், ஒரே ஒரு மனிதனின் கேளிக்கைக்காகக் கட்டிய வீட்டில், அடிபட்டுக் கிடக்கும் வேற்று நாட்டான் கூசாமல் சாப்பிட வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சேர்ந்து இன்புறுவதற்கு அந்த யோசனைதான் முதல் தேவை.

பாங்கி அதிகாரிக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு முடித்தால் ஒருதலைப்பட்சமாகிவிடும். பஸ் ஓட்டுகிறவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. அது இன்னும் கடினமானது. சிநேகிதர் தம் பையனோடு இவர் பையனுக்கும் ஓர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால், அதை உடனே கணக்குப் பார்த்துத் திருப்பாமல், முகம் சுருங்காமல், வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். கொடுக்கிறவனுக்குப் பெருமை உண்டு. வாங்குகிறவனுக்கு என்ன உண்டு? நம்பிக்கை உண்டு. 'இவன் இதைச் சொல்லிக் காட்டமாட்டான்' என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஒருவர்மேல் வைப்பதும் ஒரு கொடைதான். ஐஸ்கிரீமைவிட விலை அதிகம்.

சாயங்கால ரெயிலில் இரண்டு பையன்களும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வரட்டும். எத்தனை ராட்டினம் ஏறினோம் என்பது அடுத்த வருஷம் அவர்கள் நினைவில் இருக்காது. "மறுபடியும் அவங்களோடதானே போறோம்?" என்று இரு வீட்டிலும் பிள்ளைகள் கேட்டால், பெரியவர்கள் அன்று நடந்துகொண்டது சரிதான்.