நீர்க் கல்வியும் நீதியும்

ஆண்டுதோறும் மார்ச் 22ஆம் திகதி உலக நீர் தினம் கொண்டாடப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1992இல் செய்த தீர்மானத்தின்படி 1993 தொடக்கம் நடைபெற்று வரும் நிகழ்ச்சி இது. அன்று நமது பாடசாலைகளிற் சித்திரப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடைபெறும். பராக்கிரமபாகு மன்னன் மழைநீர் பற்றிக் கூறியதாக வழங்கும் வாசகத்தை மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம் என்று எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பர். ஆசிரியராகிய நாமும் அவ்வுறுதிமொழியைப் பலமுறை முன்னின்று சொல்லிக் கொடுத்திருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு நாளில், கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். கொழும்பிலே தோட்டம் எனப்படுவது மரஞ்செடி வளரும் இடமன்று. ஒடுங்கிய சந்தினுள்ளே சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் குடியிருப்பு வரிசையையே இங்கு அவ்வாறு வழங்குவர். "சேர், எங்கட தோட்டத்தில எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு பைப்தான். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி வாளி வைக்கிறா. நாங்கள் எதைச் சேர் சிக்கனம் பண்ணுறது?" என்றாள். வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. மணி அடித்தது நமக்கு உதவியாயிற்று.

அன்று மாலை வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் மாடிக் கட்டடத்துக்குத் திரும்பினோம். அங்கு நிலத்தடித் தொட்டி உண்டு. இயந்திரம் நீரை மேலேற்றும். குழாயைத் திருகினால் எந்நேரமும் நீர் வரும். சிக்கனம் போதித்த நாம் ஒருமுறை குளிக்கச் செலவிட்ட நீர், அப்பிள்ளையின் வீட்டாருக்கு ஒரு நாளைக்குப் போதுமாயிருக்கும் என்ற எண்ணம் அப்பொழுதுதான் உறுத்தத் தொடங்கிற்று.

அம்மாணவியின் வினாவினுள்ளே ஓர் அறவியற் பிரச்சினை அடங்கியிருக்கின்றது. ஒரு பொருளைப் பங்கிடும் அதிகாரம் சிறிதுமில்லாதவரிடம், அப்பொருளைக் காக்கும் கடமையை நாம் எதிர்பார்க்கலாமா? இவ்வினாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. நீர் அனைவருக்கும் பொது, ஆகவே பொறுப்பும் அனைவருக்கும் சமம் என்பது ஒன்று. இது சுவரொட்டியின் விடை. சமுதாய அமைப்பு மாறும்வரை ஏழையிடம் கடமை பேசுவதே ஏமாற்று என்பது மற்றொன்று. இது நம்மிற் பலர் தேநீர்க் கடையிலே கூறும் விடை. இவ்விரண்டையும் சோதிப்பதற்கு, அத்தோட்டத்துக் குழாயிலிருந்து நீரைப் பின்னோக்கித் தொடர்ந்து செல்வது பயன் தரும்.

கொழும்புக்குக் குழாய் நீர் கொணர்வதற்கென ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்ட லபுகம நீர்த்தேக்கம் 1886இல் நிறைவெய்தியது. நகரம் பெருகவே அது போதாதாயிற்று. இன்று தலைநகரம் பெரிதும் நம்பியிருப்பது களனி கங்கையை; அம்பத்தலையில் ஆற்றுநீர் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகின்றது. அந்த ஆறு எங்கே பிறக்கின்றது? சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த மலைநாட்டிலே, தேயிலைத் தோட்டங்களினூடாக ஓடிவரும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடியே களனி ஆகின்றது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் அவ்விரு ஓயாக்களையும் மறித்து எழுந்தவை. அவற்றின் நீரால் நாட்டுக்கு மின்சாரம் பிறக்கின்றது. அந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில் இருக்கும் லயன்களிலே, தமிழ்த் தொழிலாளப் பெண்கள் இன்றும் குடத்துடன் பீலியடிக்குச் செல்கின்றனர். ஏறத்தாழ 145 கிலோமீற்றர் கடந்து அவ்வாறு முகத்துவாரத்திற் கடலொடு கலக்கின்றது. அங்கிருந்து கொட்டாஞ்சேனை நடக்கும் தூரமே. ஆற்றின் தலையிலும் வரிசை, காலிலும் வரிசை. இடைப்பட்ட நீர் எங்கெங்கே, யார் யார் பொருட்டுப் போகின்றது என்பதை எந்தச் சித்திரப் போட்டியும் வரைந்து காட்டவில்லை.

இன்னும் ஒன்று. நகரத்து மாடிக் கட்டடங்களுக்கென்று களனியின் மணல் நெடுங்காலம் அளவின்றி அள்ளப்பட்டது. ஆற்றின் படுகை தாழ்ந்தது. ஆற்றில் நீர் குன்றும் வறட்சிக் காலங்களிலே கடல்நீர் உள்ளேறி அம்பத்தலை வரை உவர்ப்பைக் கொண்டு வரலாயிற்று. அதனைத் தடுக்க ஆற்றின் குறுக்கே தடுப்பு அமைக்க நேர்ந்தது. வெள்ளவத்தையில் எழுந்த சுவர்களுக்கும் கொட்டாஞ்சேனைக் குழாயில் வரும் நீரின் சுவைக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு. 2015 ஆகஸ்டில் ஒரு பானத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த டீசல் களனியிற் கலந்தது. அத்தொழிற்சாலையின் சுற்றாடல் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. இவை யாவற்றையும் நோக்கிய பின், பொறுப்பு அனைவருக்கும் சமம் என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? வாளியிற் சிந்தும் நீரையும் ஆற்றிற் சிந்தும் எண்ணெயையும் ஒரே தராசில் இடும் அறம், பலமுள்ளவனுக்கு மட்டுமே வசதியான அறம்.

இவ்விடத்தில் நமது வாசகர் சிலர், கிணற்றடியில் வளர்ந்த நம் முன்னோர் நீரின் அருமையை அறிந்திருந்தனர், குழாயே நம்மைக் கெடுத்தது என்று கூறக்கூடும். வெள்ளவத்தையில் வாழும் யாழ்ப்பாணத்தவர் மத்தியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே, ஐப்பசி கார்த்திகை மழை சுண்ணக்கல்லினுள் இறங்கி, கனத்த உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. மிகுதியாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலெழும். துலாவால் இறைத்தவன் தன் கையின் களைப்பாலேயே அந்த எல்லையை அறிந்திருந்தான். நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

ஆயினும் அந்தக் கிணற்றடி எல்லோருக்கும் உரியதாக இருந்ததா? தாழ்த்தப்பட்ட மக்கள் கிணற்றுக் கட்டில் ஏறவியலாமல், வேறொருவர் அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு காத்து நின்ற ஊர்கள் அவை. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் தண்ணீர் என்றே பெயரிட்டது காரணமின்றியன்று. இந்தியாவிலே, மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் நீர் அருந்தும் உரிமையை நிலைநாட்ட அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் திகதி மக்களை அழைத்துச் சென்றதும் இந்த அநீதியை எதிர்த்தே. நீரைப் பேணும் அறிவு மிகுந்திருந்த சமுதாயமே நீரை மறுக்கும் கொடுமையிலும் தேர்ந்திருந்தது. ஆகவே பழைய அறிவை மீட்டால் போதும் என்ற வாதமும் நிற்காது. அறிவோடு உரிமையும் பகிரப்படாதவிடத்து, நீர் பேணுதல் என்பது உடையவனின் சொத்தைப் பேணுதலாகவே முடியும்.

அறிவும் தீர்மானமும் ஓரளவேனும் ஒன்றுசேர்ந்த உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. வறண்ட பிரதேசத்துக் குளக் கிராமங்களிலே பெத்ம என்றொரு வழக்கம் இருந்து வருகின்றது. குளத்து நீர் முழு வயலுக்கும் போதாதெனக் கண்டால், விவசாயிகள் கூடிக் குளத்தை அண்டிய பகுதியை மட்டும் பயிரிடுவதெனத் தீர்மானிப்பர். அந்நிலம் எவருடையதாயினும், அந்தப் போகத்துக்கு அது மற்றவர்களுக்கும் பங்கிடப்படும். குளத்தடியில் நிலமுடையவன் நல்ல விளைச்சலைத் தானே அனுபவிக்காமல், கடைக்கோடி வயற்காரனுக்கும் இடங்கொடுக்கின்றான். நிலமற்ற கூலிக்கு இதிலே பங்கில்லை என்பதை நாம் மறக்கவில்லை. குளங்களைக் காத்த பழைய ஒழுங்கு இராசகாரியம் என்ற கட்டாய உழைப்போடு பிணைந்திருந்தது என்பதையும், 1832இல் அது ஒழிக்கப்பட்டபின் வேறு ஏற்பாடின்றிப் பல குளங்கள் கவனிப்பாரற்றுப் போயின என்பதையும் அறிவோம். எனினும் பெத்ம ஓர் உண்மையை உணர்த்துகின்றது. சிக்கனமாயிரு என்று அங்கு எவரும் எவருக்கும் உபதேசிப்பதில்லை. எவ்வளவு நீர் இருக்கின்றது என்பதை எல்லோரும் கண்ணாற் காண்கின்றனர். எவ்வாறு பங்கிடுவது என்பதைக் கூடிப் பேசித் தீர்மானிக்கின்றனர். சிக்கனம் அதன் பயனாகத் தானே வருகின்றது.

கண்ணாற் காணவும் கூடிப் பேசவும் முற்படும் மக்களுக்கு நிகழ்வது என்ன? 2013இல் வெலிவேரியவை அடுத்த ரத்துபஸ்வல மக்கள், அயலிலிருந்த கையுறைத் தொழிற்சாலையின் கழிவினால் தங்கள் கிணற்று நீர் அமிலமாயிற்று எனக் குற்றஞ்சாட்டி, சுத்தமான நீர் கேட்டு வீதிக்கு வந்தனர். தொழிற்சாலை அதனை மறுத்தது. ஆகஸ்ட் 1ஆம் திகதி இராணுவம் சுட்டதில் மூவர் மாண்டனர். அவருள் ஒருவன் பதினேழே வயதினன். நம் வகுப்பறை வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது அது. வடக்கிலே சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தது. அதுபற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சூழலியலாளரான ரவீந்திர குணவர்த்தன காரியவசம். 2019 ஏப்ரலில் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தமிழ்க் கிணறுகளுக்காகச் சிங்களவர் ஒருவர் வாதாடிய அவ்வழக்கை நம் பாடசாலைகளில் எத்தனை மாணவர் அறிவர்? நிலத்தடி நீர் எல்லைக் கற்களை அறியாது. நீரைப் பற்றிய நட்பும் அவ்வாறே அமைதல் கூடும் என்பதற்கு அது சான்று.

இனி, தேநீர்க் கடை விடையையும் சோதித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றிலே, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை மீறி நைத்திரேற்று காணப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் பெருமுதலாளி எவனுமல்லன். நாமே அளவின்றி இட்ட உரமும், கிணற்றருகே நாமே வெட்டிய மலக்குழியுமாம். வெள்ளவத்தையிலே காலி வீதிப் பாலத்தின் கீழாகக் கடலுக்குச் செல்லும் கால்வாயில் மிதக்கும் பொலித்தீன் பைகளை வெளிநாட்டார் கொண்டுவந்து போடவில்லை. அமைப்பு மாறட்டும் என்று காத்திருப்பவனின் கை, இதற்கிடையில் எதைச் செய்துகொண்டிருக்கின்றது என்பதும் அறவியல் வினாவே. மேலும், தன் கிணற்றைத் தன் அயலவனோடு கூடிக் காக்கப் பழகாதவர்கள், நாளை ஒரு நாட்டின் நீரைப் பொதுவுடைமையாக நிர்வகிக்கும் ஆற்றலை எங்கிருந்து பெறுவர்?

ஆதலால் நாம் வந்தடைந்த முடிவு இதுவே: பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அது அவரவர் கையிலுள்ள அதிகாரத்தின் அளவினது. அதிகாரமற்றவரின் முதற் கடமை, தமக்குரிய அதிகாரத்தைக் கூட்டாகக் கோருதல். அக்கோரிக்கைக்கு வேண்டிய அறிவை அவர்க்கு அளித்தலே நீர்க் கல்வியின் பணி. அவ்வறிவு உறுதிமொழியால் வராது. அளந்து பார்த்தலாலும் எழுதி வைத்தலாலும் வரும்.

அவ்வாண்டில் நாம் செய்யத் துணிந்தது மிகச் சிறிய காரியம். அம்மாணவியும் தோழியர் நால்வரும் ஒரு கொப்பி எடுத்தனர். தோட்டத்துக் குழாயில் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரமாகின்றது என்பதைக் காலையும் மாலையும் குறித்தனர். குழாயின் மூட்டொன்று ஒழுகுவதைக் கண்டு, அதன் கீழ் ஒரு தகரத்தை வைத்து ஓரிரவில் வீணாகும் நீரை அளந்தனர். மூன்று வாரக் கணக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தோட்டத்தார் எல்லோரும் கையொப்பமிட்டு, உரிய அலுவலகத்துக்குக் கொண்டு சென்றனர். சிங்கள வாசகத்தை அடுத்த வரிசையிற் குடியிருக்கும் சிங்களத் தாய் ஒருத்தி திருத்திக் கொடுத்தாள். முதன்முறை கடிதத்தை வாங்க ஆளில்லை. இரண்டாம் முறை, வேறிடம் போகச் சொன்னார்கள். மூன்றாம் முறை வாங்கினார்கள்.

சில மாதங்களின் பின் ஒழுகிய மூட்டு மாற்றப்பட்டது. குழாய் மட்டும் இன்னும் ஒன்றுதான். தாய்மார் இன்னும் நாலு மணிக்கே எழுகின்றனர். வெற்றி என்று சொல்லிக்கொள்ள இதில் அதிகமில்லை. ஆனால் இரண்டாவது குழாய் கேட்டு எழுதிய விண்ணப்பம் இப்பொழுது அத்தோட்டத்தாருடையது; அதன் பிரதியும் அந்தக் கொப்பியும் எந்த வீட்டு அலுமாரியில் இருக்கின்றன என்பதை அங்குள்ள எல்லோரும் அறிவர். அடுத்த நீர் தினத்தன்று உறுதிமொழி சொல்லிக் கொடுக்கும் முறை நமக்கு வந்தபோது, அதற்குப் பதிலாக அக்கொப்பியின் முதற் பக்கத்தை வாசிக்குமாறு அப்பிள்ளையைக் கேட்டுக் கொண்டோம். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை.