கர்ணன் யார் என்ற கேள்வி

கள்ளக்குறிச்சியில் படம் பார்க்கிறவர்கள் மூன்று பேர் ஒரு டீக்கடையில் நின்றால், பேச்சு சீக்கிரமே இயக்குநர் லோகேஷ் கனகராஜிடம் போய்ச் சேரும். ‘கைதி’யா, ‘விக்ர’மா, ‘லியோ’வா என்று வரிசை போடத் தொடங்குவார்கள். ‘லியோ’ பெரும்பாலும் கடைசிக்குத் தள்ளப்படும். பின்பாதியில் வரும் பழைய கதை ஒட்டவில்லை என்பார்கள். “கைதிதாண்ணே மொதல்ல. ஒரே ராத்திரி, ஒரு லாரி, ஒரு பாட்டு கெடயாது” என்பார் ஒரு தம்பி. “ஏஜென்ட்டுன்னா விக்ரம்தான்” என்பார் இன்னொருவர். தலை நரைத்த ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு, “நீங்கள்லாம் ஜெய்சங்கரப் பாக்கல தம்பி” என்பார்.

இந்தப் பேச்சை வெட்டிப் பேச்சு என்று நான் ஒதுக்குவதில்லை. ஒரு மனிதர் எந்தப் படத்தை மேலே வைக்கிறார், எதைக் கீழே தள்ளுகிறார் என்பதில், வாழ்க்கையில் அவர் எதை மதிக்கிறார் என்பதும் தெரிந்துவிடுகிறது. உளவாளிப் படங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே கதாநாயகன் ஒரு நாட்டைக் காப்பாற்றுகிறான். அந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் படம் சொல்லாமல் சொல்கிறது.

மூத்தவர் சொன்ன படங்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே உருவானவை. சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தது, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ வந்தது. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவை இத்தகைய படங்கள்தான். அந்த ஸ்டுடியோவில் சங்கர் நாட்டின் எதிரிகளைத் துரத்திக்கொண்டிருந்தபோது, சேலத்துக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. இந்தியாவுக்கு விடுதலை கிடைத்து 29 ஆண்டுகள் கழித்து, 1976 ஜூன் 25இல்தான் அது அரசின் ஆளுகைக்குள் வந்தது. சாமையும் தினையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள், சங்கர் காப்பாற்றிய நாட்டின் விளிம்பில் நின்றார்கள். இதற்காக அந்தப் படங்களைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அவற்றை ரசித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கள் ஊர்க்காரன் அந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது அந்த மலையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வரிசைகள் நிலையானவை அல்ல. 1986இல் ‘விக்ரம்’ வந்தது. கதை சுஜாதாவுடையது, ‘குமுத’த்தில் தொடராகவும் வந்தது. அக்னிபுத்திரன் ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை நாடு, திரையில் கணினி என்று அன்றைய தமிழ்ப் படங்களுக்குப் புதிய சங்கதிகள் அதில் இருந்தன. எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. 36 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 3இல் அதே பெயரில் இன்னொரு படம் வந்து, பழைய விக்ரமையே முதியவனாக மீண்டும் கொண்டுவந்தது. அன்று ஒதுக்கப்பட்ட படத்தை இன்றைய பிள்ளைகள் தேடிப் பார்க்கிறார்கள்.

ஜேம்ஸ்பாண்ட் வரிசையிலும் இப்படி ஒன்று உண்டு. 1969இல் ஜார்ஜ் லேசன்பி ஒரே ஒரு முறை பாண்டாக நடித்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ நெடுங்காலம் கீழே கிடந்தது. ஷான் கானரி இல்லாத பாண்டை அன்று பலரால் ஏற்க முடியவில்லை. இன்றோ தேர்ந்த ரசிகர்கள் பலர் அதை முதல் சில இடங்களுக்குள் வைக்கிறார்கள். காரணம், அதன் முடிவு என்று நினைக்கிறேன். கல்யாணமான அன்றைக்கே மனைவி சுட்டுக் கொல்லப்படுகிறாள். பாண்ட் அவளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுத்த சண்டைக்குப் போகாமல் படம் அங்கேயே நின்றுவிடுகிறது. செத்தவரின் பக்கத்தில் ஒரு படம் எவ்வளவு நேரம் உட்கார்கிறதோ, அவ்வளவு காலம் அது நிலைக்கிறது.

என் அளவுகோல் அங்கேதான் பிறந்தது. சண்டையையும் இசையையும் வில்லனையும் வைத்து மற்றவர்கள் வரிசை போடட்டும். நாயகனுக்காக, அல்லது நாயகனின் வழியில், உயிர் விடுகிற சின்ன மனிதரைப் படம் எப்படி நடத்துகிறது என்பதை நான் பார்க்கிறேன். 1983இல் வந்த ‘ஆக்டோபஸி’யில் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நடித்தார். உதய்ப்பூரில் பாண்டுக்கு உதவும் உள்ளூர் உளவாளி. பாத்திரத்தின் பெயரும் விஜய்தான். படத்தின் நடுவிலேயே அவரைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கண வருத்தத்தோடு கதை அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. அவருக்கு வீடு உண்டா, பிள்ளை உண்டா, யார் போய்ச் சொன்னார்கள் என்று படம் கேட்கவில்லை. அதனால்தான் என் வரிசையில் அந்தப் படம் கீழே இருக்கிறது.

2022 ‘விக்ரம்’ இந்த இடத்தில் வேறு மாதிரி. நாயகனின் வீட்டில் வேலை பார்க்கிற அம்மாள் திடீரென்று ஏஜென்ட் டீனாவாக எழுந்தபோது எங்கள் ஊர்த் திரையரங்கில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பல ஆண்டுகள் நடனக் குழுக்களில் ஆடிய வசந்தி அந்த வேடத்தில் நடித்தார். பின்வரிசையில் ஆடிய ஒருவர் முன்னே வந்த சந்தோஷம் அந்தச் சத்தத்தில் இருந்தது. டீனாவும் அந்த வீட்டுக் குழந்தையைக் காக்கப் போராடி இறந்துபோகிறாள். ஆனாலும் அவள் பெயர் ஜனங்கள் மனத்தில் நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அதன் முற்பாதி. முகமூடிக் கும்பல் ஒன்று சிலரைக் கொல்கிறது. கொல்லப்பட்டவர்களில் அதிகாரிகள் இருக்கிறார்கள். கர்ணன் என்ற ஒரு சாதாரண மனிதனும் இருக்கிறான். விசாரிக்க வரும் அமர் அந்த ஒருவனிடம் நின்றுவிடுகிறான். இவனை ஏன் கொல்ல வேண்டும்? இவன் யார்? வீடு வீடாகப் போய்க் கேட்கிறான். குடிகாரன் என்கிறார்கள். போதைக்காரன் என்கிறார்கள். பெண்பித்தன் என்கிறார்கள். பேரக் குழந்தைமேல் உயிரை வைத்திருந்தவன் என்றும் சொல்கிறார்கள். குடிகாரன் என்று ஊர் முத்திரை குத்திய ஒருவனை, அந்த ஒரு சொல்லோடு மூடிவிடாமல், ஒரு பெரிய வணிகப் படம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் விசாரிக்கிறது. தமிழ் உளவுப் படங்களில் இதற்கு இணையான பகுதி எனக்குத் தெரிந்து இல்லை.

2024 ஜூனில், அந்தப் படம் வந்து இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தபோது, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் ஓடியது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் மங்கும். பிறகு உயிர் போகும். 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் அன்றாடம் கூலிக்குப் போனவர்கள். ஒரே தெருவில் பந்தலுக்குப் பக்கத்தில் பந்தல் நின்றது. தொலைக்காட்சியில் எண் மணிக்கு மணி ஏறியது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்ததும், “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” என்ற கேள்வி தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. கேட்டவர்களில் கர்ணனுக்காகக் கைதட்டியவர்களும் இருந்திருப்பார்கள்.

கள்ளச்சாராயம் என்றதும் எல்லார் விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. மலையில் ஊறல் போடுவது பல காலமாக நடப்பதுதான், நான் மறைக்கவில்லை. ஆனால் மெத்தனால் மலைமரத்தில் காய்ப்பதில்லை. அது தொழிற்சாலை ரசாயனம். சாலை வழியே வரும் சரக்கு. வழக்கு பிறகு சி.பி.ஐ. விசாரணைக்குப் போனது. மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்பதற்கு, கீழே ஊரில் இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

இப்போது ‘விக்ர’மை நினைக்கும்போது அதன் குறையும் எனக்குத் தெரிகிறது. கர்ணன் சாகவில்லை. அவன் குடிகாரனும் இல்லை. அவன்தான் பழைய உளவாளி விக்ரம். இடைவேளையில் அந்த ரகசியம் உடைகிறபோது அரங்கம் அதிர்கிறது. அதுவரை அவன்மேல் கிடந்த பழியெல்லாம் துடைக்கப்படுகிறது. அவன் நிஜமாகவே குடித்துச் செத்த கிழவனாக இருந்திருந்தால்? அந்த விசாரணைக்கு அப்போதும் அதே மரியாதை கிடைத்திருக்குமா? ஒரு மனிதன் வேஷம் போட்ட வீரன் என்று தெரிந்தால்தான் அவன் உயிருக்கு விலை வரும் என்றால், கருணாபுரத்தில் விலை வரக்கூடியவர் ஒருவரும் இல்லை. அங்கே எவரும் எவரையும் வேவு பார்க்கவில்லை. மூட்டை தூக்கினார்கள், கூலி வாங்கினார்கள், உடம்பு வலிக்குக் குடித்தார்கள்.

ஆனாலும் என் வரிசையில் ‘விக்ரம்’ முதலில்தான் இருக்கிறது. அதன் முடிச்சுக்காகவோ துப்பாக்கிகளுக்காகவோ அல்ல. அமர் வீடு வீடாகப் போய் நின்றதற்காக. விடை தவறாக இருக்கலாம், கேள்வி சரியானது. பேரனைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு தாத்தாவைப் பற்றி, குடிப்பான் என்பதைத் தாண்டி, வேறென்ன தெரியும் என்று பக்கத்து வீட்டில் கேட்பது. அதைக் கேட்க ஏஜென்ட் தேவையில்லை.

சென்ற மாதம் அதே டீக்கடையில் பழையபடி வரிசை போட்டார்கள். “நீங்க சொல்லுங்க சார், எது பெஸ்ட்?” என்று அந்தத் தம்பி கேட்டார். சொன்னேன்; காரணத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க பெரியப்பாவும் அந்த வாரம்தான் சார் போனாரு” என்றார். இத்தனை வருஷமாக அவரோடு நின்று டீ குடித்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது. “அவரு என்ன வேலை பாத்தாரு?” என்று கேட்டேன். தம்பி சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு யாரும் சினிமாவுக்குத் திரும்பவில்லை.