தெரிவும் பொறுப்பும்

ஒரே கணினியில் இரண்டு மூன்று இணைய இணைப்புகள் அமைவது இன்று வியப்புக்குரியதன்று. சுவரிலிருந்து வரும் கம்பிவழி இணைப்பு ஒன்று, வைஃபை மற்றொன்று, கைப்பேசியிலிருந்து பகிரப்படுவது வேறொன்று. இவற்றுள் எதன் வழியே செய்தி செல்ல வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மனிதன் முடிவு செய்வதில்லை; பொறியே முடிவு செய்துவிடுகிறது. அவ்வாறாயின், அம்முடிவால் விளையும் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பாளர் யார்? சிறிய வினாவாகத் தோன்றினும், இஃது அறத்தின் அடிப்படையைத் தொடும் வினாவாகும்.

பொறி முடிவு செய்யும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். கணினியினுள் வழிப்பட்டியல் ஒன்று உண்டு. குறித்த ஓர் இலக்குக்கெனத் தனிவழி எழுதப்பட்டிருந்தால் அதுவே முதன்மை பெறும். பொதுவழிகள் பல இருப்பின், ஒவ்வொன்றுக்கும் உரிய செலவெண் ஒப்பிடப்படும். எண் சிறிதாக உள்ள வழியே வெல்லும். விண்டோஸ் இயங்குதளம் இவ்வெண்ணை இணைப்பின் வேகத்தைக் கொண்டு தானே இட்டுக்கொள்ளும். நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1959ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற குறும்பாதைக் கணிப்பு முறையும் பாதைகளின் எண்களைக் கூட்டிக் குறைந்த தொகையைத் தேடுவதே. கூட்டுவது பொறியின் வேலை. எதனை எண்ணாக்குவது என்று சொல்வது மனிதனின் கடமை.

வேகம் ஓர் அளவுகோலே, அதுவே முழுமையன்று. மாணவன் ஒருவன் தோழனின் கைப்பேசி இணைப்பைச் சிறிது நேரத்துக்கு இரவல் பெற்று, பின்னர்த் துண்டிக்க மறந்தான் எனக் கொள்க. பள்ளியின் கம்பிவழி இணைப்பு அருகிலேயே இருந்தும், கைப்பேசி இணைப்பின் எண் சிறிதாக அமைந்துவிட்டால், பெரிய கோப்புகள் யாவும் அதன் வழியே இறங்கும். தோழனின் தந்தை முன்பணம் கட்டிப் பெற்ற தரவு கரைந்துபோகும். கணினி அளந்தது தனக்கும் கைப்பேசிக்கும் இடைப்பட்ட வேகத்தை மட்டுமே. கைப்பேசிக்கு அப்பாலுள்ள பாதையை அது அளக்கவில்லை. பணம் கட்டியவரின் வருவாயையும் அறியவில்லை. வாசற்படியைக் கண்டு வீட்டை மதிப்பிட்ட கதைதான் அது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், ஓர் இணைப்பை அளவுக்கேற்பக் கட்டணம் உடையது எனக் குறித்துவைக்க வழியுண்டு. குறித்தால் பொறி சிக்கனம் காட்டும். ஆயினும் குறிக்க வேண்டியவன் மனிதனே.

"நான் தேர்ந்தெடுக்கவில்லை, கணினி அல்லவா தேர்ந்தெடுத்தது!" என்று அம்மாணவன் கூறலாம். அக்கூற்றில் ஓரளவு நியாயமும் உண்டு. நாளெல்லாம் நிகழும் ஒவ்வொரு தெரிவையும் ஒருவன் தானே ஆராயப் புகுந்தால், வேறு பணி எதுவும் நடவாது. பழக்கத்துக்கும் பொறிக்கும் சிலவற்றை விட்டுக்கொடுப்பது அறிவுடைமையே. ஆயின், எவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டாவா? தன் நேரமும் தன் பொருளும் மட்டுமே செலவாகுமிடத்தில் பொறியை நம்பியிருக்கலாம். பிறர் பொருளோ, பிறர் மறைவான செய்தியோ, பிறர் வைத்த நம்பிக்கையோ தொடர்புறும் இடத்தில், தெரிவைக் கைவிடுவதும் ஒரு தெரிவேயாகும். மாணவர் மதிப்பெண்களைப் பூட்டில்லாப் பொது வைஃபை வழியே அனுப்புவதற்கு முன் ஆசிரியர் ஒருகணம் தயங்க வேண்டுவதும் இதனாலேயே.

தமிழில் 'தெரிதல்' என்னும் சொல் அறிதலையும் குறிக்கும், தேர்ந்தெடுத்தலையும் குறிக்கும். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என மூன்று அதிகாரங்கள் இச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கின்றன. அறியாமல் எடுப்பது எடுத்தலே அன்றித் தெரிதல் ஆகாது என்பதை இச்சொல்லே உணர்த்துகிறது. கணினி எடுக்கும், அதற்குத் தெரியாது. வகுப்பறையில் கணினியை இயக்கக் கற்பிக்கும் ஆசிரியர், எந்த இணைப்பு யாருடையது, யாருடைய செலவில் இயங்குவது என்று கேட்கவும் மாணவருக்குக் கற்பித்தல் வேண்டும். அக்கேள்வி எழுமிடத்தில்தான் பொறியின் கணக்கு முடிந்து மனிதனின் அறம் தொடங்குகிறது.