ஆட்டக்களமும் அறப்பொறுப்பும்

விளையாட்டு என்பது வாழ்வினின்றும் வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட ஒரு களம் என்ற கருத்து நெடுநாளாக நிலவி வருவதாகும். ஒல்லாந்த வரலாற்றறிஞர் யொஹான் ஹொய்சிங்கா 1938 இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். களத்துக்கெனத் தனி இடமும் காலமும் விதியும் உள. ஆட்டம் முடிந்ததும் அவ்விதிகளும் முடிந்துவிடுகின்றன. கணனி விளையாட்டில் வாளேந்திப் பலரை வீழ்த்துவோன் தன்னைக் குற்றமற்றவனெனக் கொள்வதற்கு அடிப்படை இதுவே. கொல்லப்பட்டவர் எவருமிலர், ஆகவே கொன்றவனும் இலன். இவ்வாதம் எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பதே இங்கு எழும் வினா.

சதுரங்கத்திற் காலாளை வெட்டுவோனை எவரும் கொலைஞன் என்பதில்லை. காய்க்கு முகமுமில்லை, கதையுமில்லை. மறுபுறத்தில், துன்பியல் நாடகத்தைக் காண்போனிடம் இரக்கமும் அச்சமும் எழும் என்றார் அரிஸ்ரோட்டில். எனினும், மேடையில் நிகழும் கொலைக்கு அவன் பொறுப்பாளியல்லன். முன்னதிற் செயல் உண்டு, கதை இல்லை. பின்னதிற் கதை உண்டு, காண்போனின் செயல் இல்லை. கணனி விளையாட்டோ இவ்விரண்டையும் ஒன்றாக்குகின்றது. போர் விளையாடுவோனின் கையால் நடைபெறுகின்றது; வீழ்பவருக்குக் கதை முகத்தைக் கொடுக்கின்றது. அறவினா தோன்றுவது இவ்விணைப்பிலேயாம்.

யப்பானியரான பூமிற்றோ உவேடாவின் நெறியாள்கையில் 2005 இல் வெளிவந்த 'ஷடோ ஒவ் த கொலோசஸ்' இதற்குத் தக்க சான்று. இறந்த பெண்ணொருத்தியை உயிர்ப்பிக்க விழையும் இளைஞன், விலக்கப்பட்ட நிலமொன்றிற் புகுந்து, அங்கு ஒலிக்கும் குரலொன்றின் கட்டளைப்படி 16 பேருருவங்களைக் கொல்லவேண்டும். இடையில் வேறு பகைவர் இலர். மக்கள் வாழும் ஊரும் இல்லை. குதிரையேறி வெறுநிலத்தைக் கடந்து ஒவ்வொன்றையும் தேடிக் காணவேண்டும். அவற்றுட் சில, தாம் தாக்கப்படும்வரை எவரையும் தாக்குவதில்லை. ஒன்று வீழும்போது ஒலிப்பது வெற்றி முழக்கமன்று, இரங்கலிசை. கொலைகள் பெருகப் பெருக இளைஞனின் தோற்றமும் சிதைந்து செல்கின்றது. இங்கு தேடல் வெறும் வழிநடை அன்று. நீண்ட அப்பயணம், செய்தது யாதென எண்ணிப் பார்க்க நேரத்தை அளிக்கின்றது. எண்ணிய பின்னரும் விளையாடுவோன் அடுத்ததை நாடிச் செல்கின்றான்.

மாற்றுவழி இல்லாதவிடத்துப் பொறுப்பு எங்ஙனம் உண்டாகும் என வினவலாம். ஆட்டத்தை நிறுத்துவதன்றி அவனுக்கு வேறு தெரிவு இல்லையென்பது உண்மையே. ஆனால், அமெரிக்கரான ரொபி பொக்ஸ் 2015 இல் வெளியிட்ட 'அண்டர்ரேல்' இத்தடையையும் நீக்கிவிடுகின்றது. அதில் எவரையும் கொல்லாமலே ஆட்டத்தை நிறைவு செய்யலாம். அனுபவப் புள்ளியெனப் பிற ஆட்டங்களிற் பழகிய எண், கொலைக்கான அளவே என்பது இறுதியில் வெளிப்படுகின்றது. அனைவரையும் கொன்று முடித்தவன், முதலிலிருந்து தொடங்கி எவரையும் கொல்லாது முடிப்பினும், முன்னைய செயலின் நிழல் அம்முடிவிற் படிகின்றது. மீண்டும் தொடங்கினால் யாவும் அழியும் என்ற நம்பிக்கை இவ்வாறு மறுக்கப்படுகின்றது.

போலந்து நாட்டில் ஆக்கப்பட்டு 2014 இல் வெளிவந்த 'திஸ் வோர் ஒவ் மைன்' தேடலையே அறச்சோதனையாக்குகின்றது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையிலிருந்து தூண்டுதல் பெற்ற இவ்வாட்டத்தில், விளையாடுவோன் காப்பது படைவீரரை அன்று. முற்றுகைக்குள் அகப்பட்ட குடிமக்களை. இரவில் உணவும் மருந்தும் தேடிச் செல்லவேண்டும். முதிய தம்பதியரின் வீட்டில் அவை உள; எடுத்துவந்தால் தன்னவர் பிழைப்பர்; ஆனால், எடுத்தவர் மனமுடைந்து போகவும் கூடும். போரைச் செய்தியாக அன்றி வாழ்வாக அறிந்த சமுதாயத்தினர்க்கு இத்தெரிவின் கனத்தை விளக்கவேண்டியதில்லை. இவ்வாட்டத்தைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக 2020 இல் போலந்து அரசு அறிவித்தது.

விலங்கை வதைப்போன் தன் இரக்க உணர்வை மழுங்கச் செய்து, தனக்குத் தானே ஆற்றவேண்டிய கடமையினின்றும் வழுவுகின்றான் என்பது கான்ற்றின் வாதம். இதனைத் திரையுருவங்களுக்கும் பொருத்துவோர் உளர். ஆயின், அவ்வாதம் விளைவைச் சார்ந்தது. மழுக்கம் நேர்கின்றதா என்பது அநுபவ ஆய்வால் தீரவேண்டியது. விளைவு எதுவுமில்லையெனக் கொள்ளினும் அறவினா எஞ்சி நிற்கும். செயல் கற்பனையாகலாம், தெரிவு கற்பனையன்று. முதியவரின் உணவை எடுப்பதா விடுவதா எனத் தீர்மானித்தவன் கதைமாந்தன் அல்லன், விளையாடுவோனே.

இதனால் அவன் குற்றவாளியாகிவிடான். தீமையைத் தீங்கின்றிச் சோதித்துப் பார்க்க இடமளிப்பது ஆட்டத்தின் பெருஞ்சிறப்பு. அதனைத் தடுப்போர் அறத்தைக் காப்பவராகார். ஆனால், சோதனையின் பயன் அதன் முடிவை ஏற்றுக்கொள்வதிலேயே உள்ளது. எவ்வளவு சிறிய பரிசுக்காக எவ்வளவு எளிதிற் கை உயர்ந்தது என்பதை அறிந்த பின்னரும், 'இது வெறும் ஆட்டம்' என்று கூறித் தப்புவோன் சோதனையை வீணாக்குகின்றான். எதிரிக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு, அம்முகத்தை அழிப்பதற்கே பரிசும் வழங்கும் ஆக்குநரும் இப்பொறுப்பிற் பங்காளிகளே. வேலி செயலின் விளைவைத் தடுக்கலாம். செய்தவனைத் தன்னிடமிருந்து மறைக்கும் வல்லமை அதற்கு இல்லை.