நிழற்படமும் நிறைகோலும்

ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர் அறை வாசலில் வந்து நின்றார். "சாமி, ஃபில்டர் போட்டுச் சேலை விக்கிறது பாவமா?" என்று கேட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டிருந்தால் இதனை எழுதும் உரிமை நமக்கில்லை. வெளியே கேட்டார், எழுதுவதற்கும் இசைந்தார். ஆகவே எழுதுகிறோம்.

அச்சகோதரியின் கணவர் இரண்டு ஆண்டுகளாக நோயாளி. மதுரையிலும் சின்னாளபட்டியிலும் மொத்த விலைக்குச் சுங்குடிச் சேலைகளை வாங்கிவந்து, செல்பேசியில் படமெடுத்து இன்ஸ்டாகிராம் வலைத்தளத்தில் இடுகிறார். படம் பிடித்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பணம் வந்ததும் கூரியரில் சேலை போகிறது. கடைக்கு முன்பணம் இல்லை, வாடகை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடைப்பட்ட சுவரே அவருக்குக் கடைவீதி. இப்படி வீட்டிலிருந்தே ஊறுகாயும் கேக்கும் ஆடையும் அணிகலனும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் தாய்மார்கள் நம் பங்குகளில் பலர். இவ்வலைத்தளங்களைச் சாத்தானின் கண்ணி என்று மறையுரையில் சாடிவிட்டுப் போவது எளிது. பசித்த வீட்டில் உலையேற்றிய ஒன்றை அவ்வாறு சாட நமக்கு மனம் வரவில்லை.

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் அமெரிக்காவில் இருவர் தொடங்கியது. 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம் அதனை நூறு கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. தொடக்கம் முதலே அதன் கவர்ச்சி 'ஃபில்டர்' எனும் வண்ணப் பூச்சில் இருந்தது. மங்கலான படமும் ஒரு தொடுதலில் பொன்னொளி பெறும். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படம் இப்படிப் பொன்னொளி பெறுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் படத்தின் கீழே ஒரு விலை எழுதப்பட்ட அந்தக் கணமே படத்தின் இயல்பு மாறிவிடுகிறது. அதுவரை நினைவாயிருந்தது இனிச் சாட்சியம் ஆகிறது. 'இதுதான் உனக்கு வரும்' என்று விற்பவர் வாங்குபவருக்குச் சொல்லும் சாட்சியம். பொய்ச்சாட்சி கூறாதிருக்கும் எட்டாம் கட்டளை இங்கேதான் நுழைகிறது.

குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில், புனித தோமா அக்குவினாசின் இறையியல் பெருநூலில் விற்பனை பற்றிய பகுதியைச் சற்று அலுப்போடுதான் படித்தோம் என்பதை மறைப்பானேன்? குதிரையும் கோதுமையும் விற்ற காலத்துக் கேள்விகள் நமக்கெதற்கு என்று தோன்றியது. இன்று அப்பகுதியைத் திறந்தால் அந்தச் சகோதரிக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. விற்கும் பொருளின் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டுமா என்பது புனிதர் எழுப்பும் வினா. மறைந்திருக்கும் குறை, வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிப்பதாயின், சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையாகவும், சரியும் வீட்டை உறுதியான வீடாகவும் விற்பது நீதிக்கு முரண். ஆனால் குறை கண்ணுக்குத் தெரிவதாயின், எடுத்துக்காட்டாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லையாயின், விலையைத் தக்கபடி குறைத்துக்கொண்டால் போதும். அதனைத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டியதில்லை. வாங்க வந்தவருக்குத்தான் இரண்டு கண்கள் இருக்கின்றனவே!

இந்த வேறுபாட்டைச் செல்பேசித் திரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடைக்கு வந்த பெண் சேலையை விரிக்கிறாள், முந்தானையை வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள், விரலால் நெருடுகிறாள். கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடியில் புள்ளிகள் இருக்கும் இடத்தில் துணி சற்றே சுருங்கி, விரலில் தட்டுப்படும். அச்சுப் புள்ளியாயின் துணி வழவழப்பாயிருக்கும். இழை விட்ட இடமும் கரையில் ஏறிய கறையும் அவள் பார்வைக்குத் தப்பா. கடைக்காரர் வாய் திறக்காவிட்டாலும் பொருளே பேசிவிடும். திரையிலோ விரல் கண்ணாடியைத்தான் தடவுகிறது. கடையில் வெளிப்படையாயிருந்த குறைகளில் பல, திரையில் மறைந்த குறைகளாகிவிடுகின்றன. ஒற்றைக்கண் குதிரையின் நல்ல பக்கத்தை மட்டும் படமெடுத்தால் அது இரண்டு கண் குதிரைதான்!

ஆகவே, கடையில் வாய்மூடி இருப்பது நேர்மையாய் இருந்த இடத்திலும், படத்தில் வாய்மூடி இருப்பது நேர்மையாகாது. வாங்குபவர் கையிலிருந்து பறிபோன சோதனையை விற்பவர் தம் நாவால் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அச்சுப் புள்ளி என்றால் அச்சு என்று எழுத வேண்டும். முதற்சலவையில் சாயம் விடும், உப்புநீரில் ஊறவையுங்கள் என்று கடைக்காரர் வாயால் சொல்லும் வார்த்தை படத்தின் கீழும் வர வேண்டும்.

'படம் என்றால் கொஞ்சம் மெருகு இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறோமே?' என்று கேட்போர் உண்டு. உண்மையில் அந்த வரி, செல்பேசித் திரைகள் ஒன்றுபோல் வண்ணம் காட்டாமையால் எழுந்தது, நியாயமானது. ஆனால் நாமே பூச்சுப் போட்டு மாற்றிய நிறத்துக்கு அவ்வரியைக் கேடயமாகப் பிடிப்பது வேறு. இன்னொரு வழக்கத்தைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருசேர வந்தன. பொருளில் குறை என்று வாங்குபவர் முறையிட்டால், பொட்டலத்தைப் பிரித்ததை இடையில் நிறுத்தாமல், வெட்டாமல், ஒட்டாமல் எடுத்த காணொளி வேண்டும் என்று விற்பவர்கள் கேட்கிறார்களாம். ஏமாற்றுவோர் வாங்குபவரிலும் இருப்பதால் எழுந்த நிபந்தனை அது, புரிகிறது. எனினும், தம் படத்தில் எதையும் திருத்தலாம், பிறர் படத்தில் எதையும் திருத்தக்கூடாது என்பது இரண்டு எடைக்கற்களைப் பையில் வைத்திருப்பதன்றி வேறென்ன? நீதிமொழிகள் நூல் கள்ளத் தராசைக் கடிந்தபோது இவ்விரண்டு கற்களைத்தான் எண்ணியது.

நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாயில்லை. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்கின்றன. விற்பவரே வாங்குபவர்போல் வேடமிட்டுப் பாராட்டு எழுதுவதைத் தடுக்கின்றன. பிரிட்டனில் 2021 பிப்ரவரியில், தோலுக்கு நிறமேற்றும் பூச்சுகளுக்கான இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் ஃபில்டர் பயன்படுத்தியதைத் தவறு என்று விளம்பரத் தர ஆணையம் தீர்ப்பளித்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1997-இல், திருப்பீடத்தின் சமூகத் தொடர்புப் பணிக்குழு விளம்பர அறநெறி பற்றி வெளியிட்ட ஏட்டில், உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்தது.

அழகாகக் காட்டுவதே பொய் என்று நாம் சொல்லவில்லை. பூக்காரர் மல்லிகைமீது நீர் தெளிக்கிறார்; அது பொய்யன்று. நேற்றைய பூவை அடியில் வைத்துக் கட்டினால்தான் பொய். சேலையைத் தேய்த்து மடிப்பதும் நல்ல வெளிச்சத்தில் விரிப்பதும் பொருளுக்குச் செய்யும் மரியாதை. விலையை மட்டும் எழுதாமல் 'இன்பாக்ஸில் கேளுங்கள்' என்பது நமக்கு உடன்பாடில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழைய சூழ்ச்சிக்கு அது புதிய திரை. சின்னஞ்சிறு பெண்பிள்ளைகளை ஒப்பனை செய்து நாள்தோறும் சரக்கின் பக்கத்தில் நிறுத்துவது குறித்துத் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: அக்குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்ற ஐயம் எழாமல் இல்லை. சென்ற ஆண்டு கோவில் கூரையைப் புதுப்பிக்க நிதி திரட்டியபோது, பங்கு இளையோர் இதே வலைத்தளத்தில் ஒரு படம் வெளியிட்டார்கள். மழைநீர் ஒழுகிப் பீடத்தருகே குளமாய்த் தேங்கிய காட்சி. நன்கொடை நன்றாகவே வந்தது. அது நம் கோவிலின் படமன்று, எங்கிருந்தோ எடுத்தது என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது. நம் கூரை ஒழுகியது உண்மை, அவ்வளவு ஒழுகவில்லை. நல்ல காரியம்தானே என்று இரண்டு ஞாயிறுகள் வாய்மூடி இருந்தோம். மூன்றாம் ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் சொன்னோம். பணத்தைத் திரும்பக் கேட்டவர் எவருமில்லை. ஒரு பெரியவர் மட்டும், "அப்ப நான் நெனச்சு அழுதது எந்தக் கோயிலுக்கு, சாமி?" என்றார். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

இந்நிகழ்வை அந்தச் சகோதரியிடமும் சொன்னோம். பிறகு, "வாங்குறவங்க கையில எடுத்துப் பார்த்திருந்தா என்ன தெரிஞ்சிருக்குமோ, அதையெல்லாம் நீங்க சொல்லிருங்கம்மா. அதுக்கு மேல பாவம் புண்ணியம்னு மனச வருத்திக்காதீங்க" என்றோம். இப்போது அவர் நண்பகல் நிழலில், பூச்சின்றிப் படமெடுக்கிறார். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் வைக்கிறார். கைமுடிச்சா, அச்சா, எங்கே இழை விட்டிருக்கிறது என்பதெல்லாம் கீழே இருக்கிறது.

விற்பனை குறைந்துவிட்டது. அதே அச்சுச் சேலையைக் கைமுடிச்சு என்று சொல்லிப் பளபளக்கும் படத்தோடு இன்னொருவர் கூடுதல் விலைக்கு விற்கிறாராம். "எத்தன மாசம் தாங்கும் சாமி?" என்று போன வாரம் கேட்டார். மாதம் பிறந்தால் பங்கிலிருந்து உணவு வரும் நாம், அவர் தாங்க வேண்டிய மாதங்களுக்கு எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. அவருடைய அன்பியத்துப் பெண்கள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான சேலைகளை மொத்தமாக அவரிடமே வாங்குவதென்று பேசியிருக்கிறார்கள். முன்பணம் இன்னும் முழுதாகச் சேரவில்லை.