வாளும் உரிமையும்

புழலில் பழைய இரும்பு நிறுக்கும் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் நமக்குத் தஞ்சை அரண்மனையின் ஆயுதச்சாலை நினைவுக்கு வருகிறது. 1855-இல் கடைசி மன்னர் சிவாஜி மறைந்தபின், அங்கிருந்த வாள்களிலும் கட்டாரிகளிலும் சில சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டு இரும்பு விலைக்குப் போயிற்று. ஆகவே, பழம்பொருட் சந்தைகளில் வாள் தேடித் திரிவோரை வீணர் என்று நாம் இகழ மாட்டோம். எத்தனையோ நல்ல எஃகை உலையிலிருந்து மீட்டவர்கள் அவர்கள்.

ஆயினும் மீட்டல் வேறு, உரிமை வேறு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் தனியறையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வாள், தளபதி பெயர்டுக்குப் பரிசாயிற்று. 2023-இல் லண்டன் ஏலத்தில் அது ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விலைபோனது. வாங்கியவர் பணம் கொடுத்தார், மெய்தான். ஆனால், பறித்தெடுத்த பொருள் பல கை மாறியதனாலேயே ஆகுமானதாகிவிடுமா? எஃகின் வயதையும் பிடியின் பொன்வேலையையும் துருவித் துருவிக் கேட்பவர், அது உரியவர் கையைவிட்டுப் பிரிந்த விதத்தைக் கேட்பது அரிது.

போரின் நியாயம் வேறு என்பார் சிலர். பெயர்டும் பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு, 1784 வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர்தாம். அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் ஏலத்தில் கை தூக்கியவருக்கு என்ன பங்கு?