பத்துத் தோட்டா

துப்பாக்கிச் சட்டங்களை வாசிக்கத் தொடங்கினால் பத்து என்ற எண் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை இருந்த சட்டம், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புது மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்றது. கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்திலும் அதே பத்து. கனடாவில் பெரும்பாலான செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களுக்கு ஐந்துதான். (மேகசின் என்றால் இங்கே சஞ்சிகை இல்லை. தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி.)

சரி, ஏன் பத்து? பத்துத் தோட்டாக்காரன் நல்லவன், பதினோராவது வந்ததும் கெட்டவனா? எத்தனை நெல்மணி சேர்ந்தால் குவியல் என்று கேட்கிற பழைய புதிர் மாதிரிதான் இதுவும். இந்தக் கேலியில் எனக்குப் பெரிய உடன்பாடு இல்லை. 2011இல் அரிசோனாவின் டூசான் நகரில் சுட்டவன் 33 தோட்டா கொள்ளும் மேகசினை வைத்திருந்தான். அது தீர்ந்து அடுத்ததை மாற்ற முயன்ற நேரத்தில்தான் பக்கத்தில் இருந்தவர்கள் பாய்ந்து அவனை அமுக்கினார்கள். ஆறு பேர் அதற்குள் போய்விட்டார்கள். மேகசின் வரம்பு வாங்கித் தருவது அந்தச் சில விநாடிகளைத்தான். பத்தா பன்னிரண்டா என்பதில் தர்க்கம் கிடையாது, எங்கோ ஒரு கோடு வேண்டும் என்பதில் இருக்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 போல. 111இல் போனால் சம்மன் வரும், அவ்வளவுதான். யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். எண் தற்செயலாக இருக்கலாம், அதைத் தாண்டினால் விழும் அடி அளவோடு இருக்கும்வரை. அளவே இல்லாத சட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஜொகூரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அதிலும் பத்துத் தோட்டா.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி ஏந்தினால் மரணம், தோட்டா வைத்திருந்தாலும் மரணம் என்று விதிகள் போட்டார்கள். அந்த செப்டம்பரில் ஜொகூரின் ஒரு கிராமப்புறத்தில் நடந்த கைகலப்பில் படுகாயத்தோடு பிடிபட்டவர் சாம்பசிவம், ஒரு தமிழர். இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி ஏந்தியது, பத்துத் தோட்டா வைத்திருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே கழுத்துக்கு வருவது. ஜூரிக்குப் பதிலாக அன்று நீதிபதியோடு இரண்டு அசெசர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டிலுமே அவர் குற்றவாளி இல்லை என்றார்கள் அவர்கள். தோட்டா விஷயத்தில் நீதிபதி ஒத்துக்கொண்டு விடுதலை செய்தார். துப்பாக்கி விஷயத்தில் ஒத்துக்கொள்ளாமல் மறுவிசாரணைக்கு அனுப்பினார்.

மறுவிசாரணையில் வேறு அசெசர்கள். சாம்பசிவம் சொன்னதாக ஒரு வாக்குமூலத்தை அரசுத் தரப்பு முன்வைத்தது. துப்பாக்கியும் தோட்டாவும் தன்னிடம் இருந்தன என்றது அது. தோட்டா வழக்கில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதைப் புது அசெசர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரண தண்டனை. மேல்முறையீடும் தள்ளுபடி.

1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. லார்ட் மெக்டெர்மட் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. விடுதலை என்றால் அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக்கூடாது என்பதோடு முடிந்துவிடாது. அரசுக்கும் அந்த மனிதருக்கும் இடையே பிறகு வரும் எந்த வழக்கிலும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். அதாவது, சட்டத்தின் கண்ணில் அவரிடம் ஒரு தோட்டாகூட இல்லை. முன்கதவால் வெளியே போன பத்தைப் பின்கதவால் கொண்டுவர முடியாது.

உண்மையில் இருந்ததா இல்லையா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் உயிரை எடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவன் எண்ணி முடித்துவிட்டால், பிடிக்காத விடை வந்ததற்காக மறுபடி எண்ணக்கூடாது. எண்ணுகிறவனையும் கட்டும்போதுதான் ஒரு எண்ணுக்குச் சட்டத்தில் மரியாதை. இல்லாவிட்டால் பத்தும் ஒன்றுதான், ஒன்றும் ஒன்றுதான்.

அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்ததாக 1949 மார்ச்சில் விசாரித்தார்கள், மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்தியா கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. கணபதியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். உயிர் தப்பிய சாம்பசிவத்தை வக்கீல்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பல நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் மேற்கோளாக வரும் பெயர் அது.

மனிதர்கள் மறந்தாலும் அந்த விதியின் சாயல் போகவில்லை. 1960இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் எந்தத் துப்பாக்கிக்கும் எந்தத் தோட்டாவுக்கும் மரணம் என்றது. எண்ணே இல்லை. 1977இல் பினாங்கில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தப் பிரிவில்தான் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு மன்னிப்பில் அது குறைந்தது. அந்தச் சட்டம் 2012இல் போனது. கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் மட்டும் ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது: அனுமதியில்லாமல் இரண்டுக்கு மேல் துப்பாக்கி இருந்தால் அவன் ஆயுதக் கடத்தல்காரன் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். மூன்றாவது துப்பாக்கி தன்னுடையது இல்லை என்கிறவன், அதை எப்படிக் காட்டுவான்?